ஆண்கள் நாள், பெண்கள் நாள்

— மேலிடத்துக்கு நோய் குறையுதுன்னே எழுதிடுங்க வாத்தியாரே. படிக்கிறவங்களுக்கும் சந்தோஷம், நாமளும் பொழுதோட வீடு போய்ச் சேரலாம்.

— மன்னிக்க வேண்டும் அக்கா. குறையவில்லையே. நம் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். ஊசி போட்டு, குணமாகி, வணக்கம் சொல்லிவிட்டுப் போனவர்களே மறுபடியும் வருகிறார்கள். அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது.

— ஏறட்டும். நானா அதைத் தோள்ல தூக்கி ஏத்திவிட்டேன்?

— மேலிடம் அப்படித்தான் நினைக்கிறது. 'மருந்து வேலை செய்யவில்லையா, ஆலோசனை வேலை செய்யவில்லையா?' என்று கேட்டிருக்கிறார்கள். மருந்து டாக்டருடையது. ஆலோசனை என்றால் நாம் இருவர்தான்.

— டாக்டர் மாசத்துக்கு ஒருத்தர் மாறிடறார், அவரை யார் கேட்பாங்க? மருந்துக்கு வாய் கிடையாது, அதையும் கேட்க முடியாது. கடைசியில இடிக்கிறதுக்கு நம்ம தலைதான் தோதா இருக்கும்.

— கோபப்படாதீர்கள். காரணங்களையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். நாம் தேர்ந்தெடுத்தால் போதும். குடிப்பழக்கம். ஊர்விட்டு ஊர் போகும் தொழில். ஒருவருக்கு மேற்பட்ட துணை. ஆணுறை அணியாமை. பள்ளிப் படிப்பு இன்மை...

— நிறுத்துங்க, நிறுத்துங்க. என்கிட்ட வர்ற பொம்பளைங்கள்ல யாரு குடிக்கறா? யாரு ஊர்விட்டு ஊர் போறா? முக்குக் கடைக்குப் போகணும்னாலே நாலு பேர்கிட்ட சொல்லிட்டுப் போறவங்க. ஒரே ஆள், ஒரே கட்டில். அங்கயே படுத்து அங்கயே எந்திரிச்சு, நோயை வாங்கிட்டு வந்து என் எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. நீங்க படிச்சதுல 'கல்யாணம்'னு ஒரு காரணம் இருக்கா?

— இல்லை அக்கா.

— அப்ப 'மற்றவை'ன்னு போட்டு ஒட்டி அனுப்புங்க.

— 'மற்றவை' என்றால் விளக்கம் கேட்பார்கள். ஆண்கள் பக்கத்தையும் தாங்கள் சற்றுக் கருணையோடு பார்க்க வேண்டும். எல்லோரையும் ஒரே தராசில் வைத்து...

— உங்க ஆம்பளைங்களை எனக்குத் தெரியாதாக்கும்! திங்களும் புதனும் அவங்க நாள். செவ்வாய்க்கிழமை பொம்பளைங்க வர்றதுக்குள்ள பெஞ்சுக்கு அடியில கிடக்கிற பீடித்துண்டைக் கூட்டித் தள்றதுதான் எனக்கு முதல் வேலை. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வாப்பான்னு ஒருத்தன்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?

— சொல்கிறேன் அக்கா. மிகவும் பணிவாகச் சொல்கிறேன்.

— அதான் வினையே. நீங்க பணிவாச் சொல்றீங்க, அவனும் பணிவா 'சரிங்க சார்'னுட்டு நழுவிடறான்.

— உண்மைதான். ஒருவர் இருக்கிறார். அவரை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன்...

— நான் கேட்டேனா? பேர் சொல்லக்கூடாதுங்கறதுதான் இந்த ரூமோட முதல் சட்டம். எனக்கே பாடமா?

— மன்னிக்கவும். சோப்பு என்று வைத்துக்கொள்வோம்.

— சோப்பா? நல்ல பேரு. வாசமா இருக்கு.

— வந்தாலே அதைத்தான் கேட்பார். 'சார், வீட்ல ஒரே பாத்ரூம், ஒரே சோப்பு. சோப்பு வழியா வீட்ல இருக்கறவங்களுக்கு வருமா?' வராது என்பேன். 'துண்டு?' வராது. 'டம்ளர்?' வராது. 'வீட்ல பிள்ளைத்தாச்சி இருக்காங்க சார், அதான் கேட்டேன்' என்பார். இவ்வளவு அக்கறை உள்ள மனிதர், உறையைப் பற்றிப் பேச்செடுத்தால் தரையில் எறும்பு தேடுகிறார்.

— பிள்ளைத்தாச்சிப் பொண்டாட்டியை வெச்சுக்கிட்டா இந்த ஆட்டம் போடறான்? அவளுக்கு ரத்தம் பார்த்தாச்சா இல்லையா?

— அழைத்து வாருங்கள் என்றேன். 'ஐயோ, அவங்களுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்' என்றார். மறுநாளிலிருந்து ஆளே காணோம். இரண்டு மாதம் கழித்து வந்தபோது, ஊசியில் இறங்கியிருந்த நோயின் அளவு ரத்தத்தில் பழையபடி ஏறியிருந்தது. யாரோடு பழகினீர்கள் என்றால், 'ஒரே ஆள்தான் சார், சத்தியமா ஒரே ஆள்தான்' என்கிறார்.

— அந்த ஒரே ஆள் அவன் பொண்டாட்டியாத்தான் இருக்கணும். இவன் ஊசி போட்டுக்கிட்டுச் சுத்தமாப் போறான், அவகிட்டேருந்து திரும்ப வாங்கிட்டு வர்றான். அவளுக்குக் கொடுத்ததே இவன்தான்.

— நானும் அப்படித்தான் ஊகிக்கிறேன்.

— ஊகிச்சுக்கிட்டே இருங்க. என்கிட்டயும் ஒரு கழுத்தறுப்பு இருக்கு, கேளுங்க. பொத்தான்னு வெச்சுக்கறேன். சட்டைக் கம்பெனியில பொத்தான் தைக்கிற பொண்ணு. அஞ்சு மாசம். மேகநோய்னு சொன்னதும் அழுவான்னு பார்த்தா, தலையை ஆட்டினா, ஏதோ வர வேண்டிய விருந்தாளி வந்த மாதிரி. ஊசி போட்டோம், இறங்குச்சு. போன வாரம் பார்த்தா மறுபடி ஏறி நிக்குது. வயித்துல இருக்கறது தாங்குமா வாத்தியாரே? செத்துப் பொறக்கலாம். பொறந்தாலும் கண்ணு போகலாம், காது போகலாம். புருஷனைக் கூட்டிட்டு வாடின்னா, 'அவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம், அவரை விட்டுடுங்க'ங்கறா. தெரியாதாம்! பால் குடிக்கிற பாப்பா!

— வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தீர்களா? வேறு ஏதாவது காரணம் சொல்லி...

— அதுக்கும் வழி இல்லை. போன் பண்ணாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. மாமியாருக்குப் பயந்துன்னு நினைச்சேன். இல்லையாம். வீட்ல கிளி இருக்காம்.

— என்ன சொன்னீர்கள்?

— கிளி, வாத்தியாரே, கிளி. பச்சைக் கிளி. போன்ல என்ன பேசினாலும் அரை மணி நேரத்துல திருப்பிச் சொல்லுமாம். 'ஊசி'ன்னு ஒரு வார்த்தை அது காதுல விழுந்தா என் வாழ்க்கை போச்சு மேடம்ங்கறா. சிரிக்கவா அழவா, சொல்லுங்க. என்ன, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— அந்தக் கிளி... 'எங்கே போயிட்டு வர்றே' என்று கேட்குமா?

— மாமியார் குரல்லயே கேட்குமாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அக்கா, தயவுசெய்து அந்தக் கதவைச் சாத்துங்கள்.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— சோப்பும் அதையேதான் சொன்னார். 'வீட்ல இருக்கும்போது கூப்பிடாதீங்க சார், கிளி இருக்கு. அம்மா குரல்ல எங்கே போயிட்டு வர்றேன்னு கேட்டே உயிரை எடுக்கும்' என்றார். கதை கட்டுகிறார் என்றே நினைத்தேன். தங்கள் பொத்தானின் கணவர் என்ன தொழில் என்று...

— ஜன்னல் கண்ணாடி ஏத்தற வண்டி. சொந்த வண்டி.

— சோப்புக்கும் கண்ணாடி வண்டியேதான்.

— அடப் பாவி மக்களா!

— ஒரே வீடு. ஒரே கிளி. ஒரே வண்டி. கர்ப்பம்.

— பேசாம இருங்க ஒரு நிமிஷம். எனக்குத் தலை சுத்துது. அவ செவ்வாய்க்கிழமை வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டுப் போறா. மறுநாள் அவன் வந்து அதே நாற்காலியில உட்கார்ந்து சோப்பைப் பத்திக் கேட்கறான். அவளுக்கு இறங்கறப்ப அவனுக்கு ஏறுது, அவனுக்கு இறங்கறப்ப அவளுக்கு ஏறுது. கிணத்துல ரெண்டு வாளி மாதிரி! ரெண்டு பேருக்கும் கயிறு பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தது யாரு? நீங்களும் நானும்!

— நாம் என்ன தவறு செய்தோம் அக்கா? ஆண்கள் நாள் வேறு, பெண்கள் நாள் வேறு என்று வைத்ததே அவர்களுடைய மானத்துக்காகத்தான். யாரும் யாரையும் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான்.

— பார்க்கவே இல்லை பார்த்தீங்களா! மானம் பத்திரமா இருக்கு. பிள்ளைதான் போகப் போகுது.

— வரும் புதன்கிழமை அவர் வந்தால் பக்குவமாகக் கேட்டுப் பார்க்கிறேன். 'ஐயா, உங்கள் இல்லத்தில் உள்ளவரும் ஒருவேளை...' என்று தொடங்கி...

— கேட்டவுடனே எந்திரிச்சு ஓடுவான். போன தடவை ரெண்டு மாசம் ஓடினான். இன்னொரு தடவை ஓடினா இவளுக்கு ஏழு மாசம். அப்புறம் நான் யாருக்கு ஊசி போடறது?

— வேறு என்ன வழி?

— ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரவைக்கறது. செவ்வாய்க்கிழமை. அவ உள்ள இருப்பா. அவனை பெஞ்சுல உட்கார வைங்க. கதவைத் திறந்தா தானா முடிஞ்சுடும்.

— அக்கா! அது நம்பிக்கைத் துரோகம். இந்த அறையில் சொன்னது இந்த அறையோடு என்று வாக்குக் கொடுத்துத்தான் ஒவ்வொருவரையும் பேச வைக்கிறோம்.

— யார் என்ன சொல்லப்போறோம்? வாயைத் திறக்கவே வேண்டாம். ரெண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்தாங்க, பார்த்துக்கிட்டாங்க. சந்தையில பார்த்துக்கறதில்லையா?

— இது சந்தை இல்லையே.

— வாத்தியாரே, என்னைப் பாருங்க. எனக்கு மட்டும் இனிக்குதா? இத்தனை வருஷத்துல ஒருத்தி ரகசியத்தை இன்னொருத்திகிட்ட மூச்சு விட்டதில்லை நான். ஒரு கல்யாண வீட்ல எனக்குப் பக்கத்து இலையில என்னோட நோயாளி, எதிர் இலையில அவ புருஷனோட இன்னொருத்தி. சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டு, மொய் எழுதிட்டு வந்தவ நான். ஆனா ஒரு சட்டத்தைக் காப்பாத்தி ஒரு பிள்ளையைக் குழியில போட்டுட்டு, அப்புறம் மேலிடத்துக்கு 'மற்றவை'ன்னு எழுதச் சொல்றீங்களா? சொல்லுங்க, இதுக்கு மேல பணிவா ஒரு பதில்.

— செவ்வாய்க்கிழமை. ஆனால் ஒரு நிபந்தனை. நான் முன்னுரையாகச் சில வார்த்தைகள் பேசிவிடுகிறேன். ஒருவர் மீது ஒருவர் பழி போடாமல் இருக்க வேண்டுமே. எழுதி, மனப்பாடம் செய்து வருகிறேன்.

— என்ன பேசுவீங்க?

— 'மதிப்பிற்குரிய தம்பதியரே, முதற்கண் தங்கள் இருவரின் பொறுப்புணர்வைப் பாராட்டி...'

— கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் கொடுத்துடுங்க, சுற்றமும் நட்பும் சூழ வந்துடுவாங்க.

*

— வணக்கம் ஐயா. மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன். இப்போது பேசலாமா?

— ஐயையோ சார், இப்பவா? ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். பக்கத்துலயே தொங்குது. வெளிய போயிடறேன்.

— எங்கே போறே? எங்கே போறே?

— பார்த்தீங்களா, ஆரம்பிச்சுடுச்சு சனியன். ம், தெருவுக்கு வந்துட்டேன். சொல்லுங்க சார்.

— மாலையில் வண்டியில் இருப்பேன், அப்போது கூப்பிடலாம் என்றீர்கள். அதனால்தான்...

— வண்டி இன்னிக்கு அண்ணன்கிட்ட சார். நான் சும்மாதான் இருக்கேன். என்ன மேட்டரு? ரத்தத்துல இன்னும் ஏறிடுச்சா?

— அப்படியெல்லாம் இல்லை. தாங்கள் புதன்கிழமைக்குப் பதிலாக செவ்வாய்க்கிழமை வர முடியுமா?

— செவ்வாய் பொம்பளைங்க நாளாச்சே. நான் போய் அங்க உட்கார்ந்தா துடைப்பத்தால அடிக்க மாட்டாங்க?

— ஊசி மருந்து அன்றுதான் வருகிறது.

— அப்படியா? நீங்க சொன்னா சரிதான். சும்மா சொல்லக்கூடாது சார், ஏமாத்தத் தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.

— அப்புறம், வீட்டில் கர்ப்பமாக இருக்கிறவர் எப்படி இருக்கிறார்?

— வாந்திதான். ஒரு வாய் உள்ள போகமாட்டேங்குது. நேத்து மாங்கா வேணும்னு கேட்டாங்க, கடை கடையா அலைஞ்சேன். சார், திரும்பக் கேட்கறேன்னு நினைக்காதீங்க. நான் தனி சோப்பு வாங்கிட்டேன். ஆனா பாத்ரூம் அதேதானே? அவங்களுக்கு என்னால ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிக்க முடியாது.

— செவ்வாய்க்கிழமை வாருங்கள் ஐயா. எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்.

— வர்றேன் சார். எங்க வீட்டுக் கிளி மேல சத்தியமா வர்றேன்.

*

— நிமிர்ந்து உட்காரு கண்ணு. ஊசி போட்ட பக்கம் சாயாதே. வலிக்குதா?

— வலி இருக்கட்டும் மேடம். இந்தத் தடவையாவது நிக்குமா?

— நிக்கறதும் நிக்காததும் ஊசி கையில இல்லை. எத்தனை தடவை சொல்றது? ஓட்டை வாளியில தண்ணி ஊத்தற கதையா இருக்கு. அவர் ஊசி போட்டுக்காத வரைக்கும் நீ போட்டுக்கறதெல்லாம் வீண்.

— அவரை இழுக்காதீங்க மேடம்.

— வேற யாரை இழுக்கறது? எதிர்வீட்டுக்காரனையா?

— நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. எனக்கு இது ரெண்டாவது கல்யாணம். முதல்ல கட்டினவர் எப்படிப்பட்டவர்னு ஊருக்கே தெரியும். குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுட்டுப் போன சொத்து இதுதான். நான்தான் இதைச் சுமந்துக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கேன்.

— அதான் அன்னிக்கு அழாம தலையை ஆட்டினியா?

— பின்ன? எல்லாம் தெரிஞ்சும் இவர் என்னைக் கட்டிக்கிட்டார் மேடம். ஒரு நாள், ஒரு பேச்சு, பழசைச் சொல்லிக் காட்டினதில்லை. அவங்க அம்மா ஏதாவது ஆரம்பிச்சாக்கூட 'விடும்மா'ன்னு எந்திரிச்சுப் போயிடுவார். அப்படிப்பட்ட மனுஷன்கிட்டப் போய், உங்களுக்கு நான் மேகநோய் கொண்டாந்திருக்கேன், வந்து ஊசி போட்டுக்கங்கன்னு எந்த வாயால சொல்றது?

— நான் சொல்றதைக் காதுல வாங்கு. முதல் ஊசியில உன் ரத்தத்துல நோய் நல்லா இறங்கிடுச்சு. பழசோட கணக்கு அங்கயே முடிஞ்சுபோச்சு. இப்ப ஏறியிருக்கறது புதுசு. செத்துப்போன மனுஷன் சுவர் ஏறிக் குதிச்சு வந்து கொடுத்துட்டுப் போனாரா?

— என் உடம்புக்கு மருந்து கேட்கலையோ என்னவோ.

— உன் உடம்புக்கு மருந்து கேட்குது. உனக்குத்தான் நான் சொல்றது கேட்கலை!

— திட்டாதீங்க மேடம். நீங்களும் திட்டினா நான் எங்க போறது?

— சரி, திட்டலை. தண்ணி குடி. இதோ பாரு, வயித்துல கையை வெச்சுக்கிட்டுச் சொல்லு. அவர் தானா இங்க வந்தா, உனக்குச் சம்மதமா?

— அவர் எதுக்கு இங்க வரப்போறார்?

— வந்தா?

— வந்தா... கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடுவேன். ஆனா அவருக்கு இப்படி ஒரு இடம் இருக்கறதே தெரியாதே.

— தெரியும் கண்ணு. வந்திருக்கார். பெஞ்சுல உட்கார்ந்திருக்கார்.

— யாரு?

— உன் வீட்டுக்காரர்தான். பயப்படாதே. அவரும் இங்க ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்கார். நீ செவ்வாய்க்கிழமை, அவர் புதன்கிழமை. நீ அவருக்குத் தெரியக்கூடாதுன்னு, அவர் உனக்குத் தெரியக்கூடாதுன்னு. உனக்கு ஏதும் ஆயிடக்கூடாதுன்னுதான் வந்தப்பல்லாம் கேட்பாராம்.

— அவரா? அவரே வந்தாரா மேடம்? எனக்கு ஏதும் ஆயிடக்கூடாதுன்னா கேட்டார்?

— சோப்புகூட தனியா வாங்கிட்டாராம்.

— கடவுளே. என் மூஞ்சி எப்படி இருக்கு? அழுத மாதிரி தெரியுதா? அந்தத் துண்டைக் கொஞ்சம் கொடுங்க மேடம். தலை கலைஞ்சிருக்கா?

— நல்லாத்தான் இருக்கே. உட்காரு, எந்திரிக்காதே. வாத்தியாரே! கூட்டிட்டு வாங்க அவரை.

— இதோ வந்துவிட்டோம் அக்கா. வாருங்கள் ஐயா, உள்ளே வாருங்கள். தயங்க வேண்டாம். வணக்கம் அம்மா. மதிப்பிற்குரிய தம்பதியரே, முதற்கண் தங்கள் இருவரின் பொறுப்புணர்வை...

— மேடம்.

— என்ன கண்ணு? ஏன் எந்திரிச்சுட்டே?

— இவர் இல்லை மேடம்.

— என்னது?

— இவர் என் வீட்டுக்காரர் இல்லை. அவரோட தம்பி. என் கொழுந்தனார்.

— வாத்தியாரே!

— அது எப்படி... கிளி, வண்டி, கர்ப்பம்... ஐயா, தாங்கள் திருமணமானவர் இல்லையா?

— எனக்கு எங்க சார் கல்யாணம் ஆச்சு? அண்ணன் வீட்லதான் இருக்கேன். வண்டி ரெண்டு பேருக்கும் பொது. நீங்க கேட்கவே இல்லையே!

— கேட்கலையா? ஒரு வருஷமா எதிர்ல உட்கார வெச்சிருக்கீங்க, கல்யாணம் ஆச்சான்னு கேட்கலையா?

— வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டேன் அக்கா. நேரடியாகக் கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று... நான் கேட்கலை. கேட்கவே இல்லைக்கா. தப்பு பண்ணிட்டேன்.

— நீங்க என்ன பண்ணுவீங்க. கூப்பிட்டு உட்கார வைன்னு சொன்னவ நான். கண்ணு, என்னைப் பாரு. நான்தான்...

— என்னைப் பார்க்காதீங்க மேடம். யாரும் என்னைப் பார்க்காதீங்க. இந்த ரூம்ல சொன்னது இந்த ரூமோடன்னு நீங்கதானே சொன்னீங்க?

— அண்ணி, நான் எதையும் பார்க்கலை. நான் வரவே இல்லை. இப்படியே வெளிய போயிடறேன்.

— நில்லுங்க தம்பி. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சத்தியம் பண்ணிட்டுப் போங்க. உங்களை என் கூடப் பொறந்தவனா நினைச்சுக் கேட்கறேன். உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது.

— அண்ணனுக்கா? தெரியாதா? அண்ணி, அண்ணனுக்கு முதல்ல வந்து, இங்கதான் ஊசி போட்டுக்கிட்டார். அப்புறம் எனக்கு வந்தப்ப, வண்டியில ஏத்திக்கிட்டு வந்து வாசல்ல இறக்கிவிட்டு 'போடா, உள்ள யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க'ன்னு சொன்னதே அவர்தானே!